அடைக்கலப் பொருள்

வீடு என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் பயப்பது. குடியிருக்கும் மனையும் வீடு. பற்றனைத்தையும் விட்ட நிலையும் வீடு. இதனை வகுப்பறையிற் கேட்டு மகிழ்ந்த யான், வாடகை வீட்டை விட்டுச் செல்வார் படும் பாட்டைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

எங்கள் ஊர் இருங்காட்டுக்கோட்டை. சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இராமாநுசர் பிறந்த திருப்பெரும்பூதூருக்குச் சற்று முன்னே உள்ளது. 1996-ல் ஹூண்டாய் கம்பெனியார் இங்கே கார்த் தொழிற்சாலைக்கு அடிகோலினர். 1998-ல் கார்கள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் தொழிற்சாலைகள் பெருகின. உழுதுண்டவர் பலர் வீட்டுக்காரராயினர். என் தந்தையாரும் கொல்லைப்புறத்தில் நான்கு அறைகள் கட்டினார். மாதந்தோறும் வரும் வாடகையே எங்கள் விளைச்சல்.

குடியிருப்பாரைத் தேடித் தருபவர் தரகர். ஒருமாத வாடகை அவருக்குத் தரகு. வெளியூர்த் தொழிலாளி எங்களைக் காணுமுன் அவரையே காண்கிறான். அவனைப்பற்றி நாங்கள் அறிவதும் அவர் வாயிலாகவே. சென்னையிற் பத்துமாத வாடகையை முன்பணமாக வாங்குதல் நெடுநாள் வழக்கம். “நமக்கு ஐந்து மாதம் போதும்” என்று தரகர் பெருந்தன்மையோடு விதித்தார். இங்ஙனம் 5,000 ரூபாய் வாடகைக்கு 25,000 ரூபாய் தந்து குடிவந்தார், ஒடிசா நாட்டு ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர். எழுத்தொன்றும் இல்லை, வாய்ச்சொல்லே உடன்படிக்கை.

சின்னாளில் என் கல்லூரிக் கட்டணத்திற்குத் தவணை வந்தது. பெட்டியிலிருந்த அப்பணம் கல்லூரிக்குச் சென்றது. “இவர் போகும்போது அடுத்து வருபவர் தரும் முன்பணத்தைக் கொடுத்துவிடலாம்” என்பது தந்தையார் கணக்கு. எங்கள் தெருவில் யாவர் கணக்கும் அதுவே.

எட்டாம் மாதம் அவருடைய வேலை முடிந்தது. ஊர் திரும்பப் பணங் கேட்டார். அறைக்குப் புதியவர் எவரும் வந்திலர். தரகரோ தந்தையாரைத் தனியே அழைத்து, “வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, முன்கூட்டிச் சொல்லாததற்கு ஒரு மாதம் என்று கழித்துவிடுங்கள், ஐயா. ஒடிசாவிலிருந்து இதற்காகவா திரும்பி வரப்போகிறான்?” என்றார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனம் என்னை அச்சுறுத்திற்று. அவர் என்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை அறிவேன். பின்பு, “அறையைத் துடைத்து வைத்திருக்கிறான், எதைக் கழிப்பது?” என்றார். நட்டத்திற்குச் சீட்டைத் தள்ளியெடுத்துப் பணம் புரட்டப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அவர் நண்பர் அறையொன்றில் ஒண்டிக் கிடந்தார்.

இதன்பின் சட்டம் யாது கூறுகிறதென்று தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உளது. உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையை விஞ்சலாகாது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், உரியதைக் கழித்து, மீதத்தைத் திருப்பித் தரல் வேண்டும். ஆயினும் மூன்று மாத வரம்பு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்தே செல்லும் என ஒரு வாயில் திறந்தே கிடக்கின்றது. வேலை தேடி வந்த ஏழை, தரகர் விதித்ததற்கு உடன்படாமல் என் செய்வான்?

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் வேறொரு முறை உளது. பெற்ற முன்பணத்தை அரசு ஒப்பிய காப்புத் திட்டமொன்றிற் செலுத்தல் வேண்டும். அன்றேல் அத்திட்டத்தின்கீழ் ஈட்டுறுதி செய்தல் வேண்டும். இப்போது அதற்குத் தவணை 30 நாள். தவறினால் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்குவரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம். கழிவுபற்றிப் பிணக்கெழுந்தால் நடுநிலையாளரைக் கொண்டு தீர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. நம் சட்டம் திருப்பிக் கொடு என்கிறது. அவர்கள் சட்டம், கொடுக்குமாறு பணம் இருக்கச் செய்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. வஞ்சகர் மட்டுமே பிறர் பொருளைச் செலவிடுவர் என எண்ணியிருந்தேன். நல்லவர் கையையும் தேவை பற்றியிழுக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

நம் ஆண்டவர் அருளிய தாலந்துகளின் உவமையில், எசமானன் பொருளுக்கு ஊழியர் கணக்கொப்புவிக்கின்றனர். வாடகை வீட்டில் முறை மாறுகின்றது. முன்பணத்தைப் பொறுத்தவரை குடியிருப்பவனே எசமானன். வீட்டுடையவன் கணக்கொப்புவிக்க வேண்டிய ஊழியன்.

பணத்தை யானே எடுத்துச் சென்று திருப்பெரும்பூதூர்ப் பேருந்து நிலையத்தில் அவரிடம் கொடுத்தேன். எண்ணிப் பாராமலே பைக்குள் வைத்துக்கொண்டார். “தம்பி, என்ன படிப்பு?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் வினவினார். “தமிழ்” என்றேன். “நல்லா படி” என்று தோளைத் தட்டினார். அவருடைய பணத்தில் ஓராண்டு படித்தேன் என்று சொல்ல நா எழவில்லை. பேருந்து புறப்பட்டுவிட்டது.