ஒன்றே அரைக்கால் அங்குலம்

பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்து வீரர் பில் பிராட்லி பந்து போட்டுக்கொண்டிருந்தார். ஆறு பந்து வரிசையாக வளையத்தில் பட்டுத் தெறித்தது. நிமிர்ந்து பார்த்தவர், வளையம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்றார். உடனிருந்த எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ அதோடு விடவில்லை. சில வாரம் கழித்து ஏணியும் இரும்பு டேப்புமாகப் போய் அளந்தார். இருக்க வேண்டிய பத்தடிக்கு ஒன்றே அரைக்கால் அங்குலம் குறைவு.

அந்த அரைக்கால் கணக்கை எங்கு படித்தாலும் எனக்குக் கை ஊறும். பத்தாவது வரை நானும் சிமென்ட் தரையில் பந்து தட்டியவன். பிளஸ் ஒன்னில் பந்து கட்டிலுக்கடியில் போயிற்று. படிப்பா, விளையாட்டா என்று கேட்ட வீட்டில் அதற்கு ஒரே பதில்தான்.

பிராட்லியிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லையோ என்னவோ. விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத பிரின்ஸ்டனுக்குப் போனார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ட்ரூமன் 1940-இல் செனட்டுக்குப் போட்டியிட்டதைப் பற்றி வரலாற்று ஆய்வேடு எழுதினார். அது 1965. அதே ஆண்டு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், விச்சிட்டா ஸ்டேட் அணிக்கு எதிராக 58 புள்ளிகள் எடுத்தார். போட்ட 29 பந்தில் 22 உள்ளே. ஃப்ரீ த்ரோவில் 15-க்கு 14. தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸ் கூப்பிட்டது. அவரோ ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கிருந்தபடியே இத்தாலிக்குப் போய் மிலான் அணிக்கு ஆடி, 1966-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றதும் உண்டு. அதன் பிறகு பந்தையே தொடவில்லை. பல மாதம். ஒருநாள், உடம்பு அசைந்து நாளாயிற்றே என்றுதான் ஆக்ஸ்ஃபோர்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். ஆளில்லாத கூடம். பந்து வலையை உரசி இறங்கும் அந்தச் 'சர்ர்'. எம்பிப் போடுவது, பக்கவாட்டில் கொக்கிபோல் கையை வளைத்துப் போடுவது, ஒற்றைக்காலை ஊன்றித் திரும்புவது எல்லாம் ஒவ்வொன்றாக உடம்புக்குத் திரும்பி வந்தன. ஒருவருமில்லாத இடத்தில் கூட்டத்தின் இரைச்சல்கூடக் கேட்டதாம். தான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

1967 டிசம்பரில் நிக்ஸ் சட்டையில் களமிறங்கினார். 1970, 1973 இரண்டு ஆண்டும் பட்டம். 1977-இல் ஓய்வு, பிறகு நியூ ஜெர்சி செனட்டராகப் பதினெட்டு வருடம். ஊர் அவரை அதற்காகத்தான் புகழ்கிறது. எனக்கு அந்தப் பதினெட்டு வருடத்தில் அவ்வளவு அக்கறையில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1976-இல், ஆட்டம் முடிந்துபோகும் நாளை நினைத்துப் புத்தகத்தில் எழுதிவைத்தாரே, அந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளி வளையம் எத்தனை அங்குலம் தாழ்ந்திருந்ததோ, யாரும் அளந்ததில்லை. அலுவலகத்தில் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடும்போது மட்டும் மணிக்கட்டு தானாக மடங்கி, விரல்கள் கீழே பார்த்தபடி ஒரு நொடி அப்படியே நிற்கும். தாள் பெரும்பாலும் வெளியேதான் விழுகிறது.