பாஸ்க் நாட்டின் கூட்டுச் சமையல் மன்றங்கள்

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டுக் கடலோர நகரமான சான் செபாஸ்தியானில், சுவை நாட்டமுள்ளவர்கள் ஒன்றுகூடிச் சமைத்து உண்ணும் 'சோக்கோ' என்னும் மன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவருகின்றன. உறுப்பினர் தம் திறவுகோலால் கதவைத் திறந்து, விருந்தினருடன் நுழைந்து, பொதுச் சமையலறையில் தம் கையால் சமைத்து, இருப்பிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் மதுவுக்கும் உரிய தொகையைத் தாமே கணக்கிட்டுச் செலுத்துகிறார். முழுக்க நம்பிக்கையின்மேல் நிற்கும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

அங்கே விரும்பிச் சமைக்கப்படும் 'பில்பில்' என்பது, உப்பிட்டு உலர்த்திய காட் மீனை நீரில் ஊறவைத்து உப்பகற்றி, பூண்டு மணமேறிய ஆலிவ் எண்ணெயில் மிதமான சூட்டில் வேகவைத்து, மண்சட்டியைச் சுழற்றிச் சுழற்றி, மீன்தோலிலிருந்து கசியும் ஊன்பசை எண்ணெயோடு கலந்து வெளிறிய குழம்பாகத் திரளும்வரை பொறுமையுடன் ஆக்கப்படும் உணவாகும். மாவோ பாலோ சேராமலே அக்குழம்பு கெட்டிப்படுவது, கூட்டுச் சமையலில் கண்டு மகிழத்தக்க காட்சிகளுள் தலையாயது.

1939 முதல் 1975 வரை நீடித்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் மொழி பொதுவெளியில் ஒடுக்கப்பட்டபோது, இம்மன்றங்களின் மேசைகளைச் சுற்றி அம்மொழியின் பேச்சும் பாட்டும் தொடர்ந்தமையால், இவற்றை வெறும் உண்டாட்டுக் கூடங்களாகக் கருதுவது பொருந்தாது. பெண்களைச் சமையலறைக்குள் விடாத பழைய விதி மட்டும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பல மன்றங்கள் அதைத் தளர்த்தியுள்ளன, சிலவற்றில் பெண்கள் முழு உறுப்பினராகவே சேர்ந்துள்ளனர், எஞ்சியவையும் அதைக் கைவிட வேண்டும்.