தண்ணீர் நிறைந்த நாளில் பேசி வையுங்கள்

பிள்ளைகளே, என் அப்பா தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பார்த்தவர். நமுனுகுல மலைச்சரிவில் ஓர் ஊற்று, அதற்குக் கீழே ஒரு சீமெந்து டாங்கி, அங்கிருந்து மூன்று லயங்களுக்கு ஓர் இரும்புக் குழாய். விடியுமுன் பீலிக்கரையில் குடங்கள் வரிசை பிடித்துவிடும். காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் தண்ணீர் சேர்த்து வைத்தாக வேண்டும். பீலி காய்ந்தால் அவர்களுடைய நாளே குலைந்துபோகும்.

நம் ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். உலகமே விரும்பும் மணத்தை நம் தேயிலைக்குக் கொடுப்பது அந்த உலர்ந்த காற்றுதான். ஊற்றை வற்றவைப்பதும் அதே காற்றுதான்.

அப்படியொரு வறட்சியில், அடுத்தடுத்து இரண்டு இரவுகள் யாரோ எங்கள் குழாயை வெட்டிவிட்டார்கள். கீழே இருந்த சிங்களக் கிராமத்தார் வேலை என்று இளந்தாரிகள் நாங்கள் கொதித்தோம். தடியோடு கிளம்பியவர்களில் நானும் ஒருவன். அப்பா வழிமறித்தார். வீட்டிலிருந்த தேயிலைத் தூளில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, "என் கூட வாடா" என்று என்னை மட்டும் கூட்டிப்போனார்.

அந்தக் கிராமத்துப் பெரியவர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்தார். பிறகு தம் வயலைக் காட்டினார். வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டாங்கி நிரம்பினால் வழிந்தோட ஒரு குழாய் உண்டு. தண்ணீர் வீணாகிறதென்று இரண்டு வாரத்துக்கு முன் அதைச் சாக்குத்துணியால் அடைத்தவன் நானே. நான் வீண் என்று நினைத்த அந்தத் தண்ணீர்தான் அவர்களுடைய வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்றே அடைப்பை எடுத்தோம். பகலில் லயங்களுக்கு, இரவில் வயலுக்கு என்று முறை வைத்தோம். தோட்டத்துத் துரையிடம் கேட்டு, ஊற்றைச் சுற்றியுள்ள தேயிலைக்கு மருந்தடிப்பதை நிறுத்தவைத்தோம். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து அங்கே மரக்கன்றுகள் நட்டோம். ஆனால் அந்த வருஷம் போன பயிர் போனதுதான். "இந்தப் பேச்சை மார்கழியிலேயே பேசியிருக்கணும்டா" என்றார் அப்பா. மார்கழியில் மழை கொட்டும், டாங்கி வழியும், அப்போது யார் மனதிலும் பயம் இருக்காது. பயம் இல்லாத மனம்தான் பங்கு கொடுக்கும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான்.

நம் பதுளை மாவட்டத்தில் பெரிய அளவிலும் இதே கதைதான். பட்டணக் குழாய்க்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. கிராமத்துச் சிறு திட்டங்களுக்கு ஊர்ச் சங்கங்கள். தோட்டத்து ஊற்றுக்குக் கம்பெனி. வீதிக்கும் கிணற்றுக்கும் பிரதேச சபை. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு, தண்ணீருக்கு அது கிடையாது. தோட்டத்துக் காட்டில் ஊறி, கிராமத்து வயலில் பாய்ந்து, பதுளு ஓயாவில் விழுந்து, மகாவலியில் சேர்ந்துவிடுகிறது.

எல்லையை மறந்து வேலை செய்தபோது நன்மை விளைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். 1993 முதல் 1998 வரை உலக வங்கியின் உதவியோடு பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சமூக நீர் வழங்கல் திட்டம் நடந்தது. ஊர்மக்கள் தாங்களே கான் வெட்டினார்கள், குழாய் சுமந்தார்கள், செலவில் பங்கு போட்டார்கள். திட்டம் முடிந்த பிறகு அதை நடத்தும் பொறுப்பும் அவர்களுடையதே. மாதக் கட்டணம், கணக்குப் புத்தகம், கூட்டம் என்று சங்கம் வைத்து நடத்தினார்கள். இப்படிப்பட்ட சங்கங்களுக்குத் துணை நிற்க 2014இல் தனித் திணைக்களமே உருவானது.

தோட்டத்து வாசலில் மட்டும் ஒரு சுவர் நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, சபை தன் நிதியை எடுத்துத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட முடியாமல் இருந்தது. ஓட்டுப் போட நாம் வேண்டியிருந்தது, குழாய் போடச் சட்டம் இடம் தரவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தினார்கள். முப்பது வருஷம் காத்திருந்து திறந்த கதவு அது. அதன் வழியே நடந்துபோய்ச் சபைக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பண்டாரவளை சாட்சி. உமா ஓயாத் தண்ணீரைத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்ப மலைக்குள் சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்தத் திட்டம் 2024இல் திறக்கப்பட்டது, 120 மெகாவாட் மின்சாரமும் தருகிறது. வறண்ட பூமிக்குத் தண்ணீர் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கிணற்றுக்கு உரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய காலம், முதல் பாறையை உடைப்பதற்கு முன்னால்.

எனவே பிள்ளைகளே, உங்கள் குழாய் எந்த ஊற்றிலிருந்து வருகிறதென்று ஒருமுறை ஏறிப்போய்ப் பாருங்கள். வழிந்தோடும் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறதென்று இறங்கிப்போயும் பாருங்கள். அவர்களுடைய மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தோட்டம், கிராமம், சபை, திணைக்களம் எல்லாரையும் மழைக்காலத்தில் ஒரே பாயில் உட்காரவையுங்கள். வறட்சி வந்தால் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று இரண்டு மொழியிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்பாவும் இல்லை, அந்தக் கிராமத்துப் பெரியவரும் இல்லை. நாங்கள் நட்ட கன்றுகள் ஊற்றுக்கு நிழலாகிவிட்டன. போன மார்கழியில் ஏறிப்போய்ப் பார்த்தேன். டாங்கி நிரம்பி, நான் ஒருகாலத்தில் அடைத்த அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.