முதலில் எந்த உலகம்?

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

நூலகத்துக்குள் நுழைந்தவன் எந்த நூலை முதலில் எடுப்பது என்று திகைத்து நிற்பதுண்டு. எடுத்த நூல் பிடிக்காவிட்டால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஐம்பது, அறுபது மணி நேரம் அமர்ந்து முடிக்க வேண்டிய ஒரு கணிப்பொறி விளையாட்டைத் தேர்ந்தெடுப்பவன் நிலை என்ன? அதிலும், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே தனக்கென்று வாய்த்தவன் நிலை?

"அறுபது மணி நேரம் விளையாட்டா! பையன் உருப்பட்டாற்போலத்தான்!" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்ல வருவது கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டைப் பற்றியன்று. ரோல் பிளேயிங் கேம் என்பார்களே, அந்த வேடமேற்கும் விளையாட்டைப் பற்றி.

அதன் கதை சுவையானது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு மேசை, சில பகடைகள், காகிதம், பென்சில் போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன். பகடை விழுவதைப் பொறுத்துக் கதை நகரும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், கதை சொல்பவரின் நாற்காலியில் கணிப்பொறியை உட்கார வைத்துவிட்டார்கள். செய்தவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்தாம்! இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக அமைத்திருந்த 'பிளேட்டோ' கணிப்பொறியில் சந்தடியில்லாமல் இந்த விளையாட்டுகளை எழுதி வைத்தார்கள். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்ததும் உண்டு. எக்காலத்திலும் மாணவர் மாணவரே.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது, பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இந்நாளைய விளையாட்டு எதுவும் அதில் அசையாது. ஆனால் 1980களின் விளையாட்டுகளும் 1990களின் விளையாட்டுகளும் அதற்குக் கால்தூசு. கல்லூரி விட்டதும் நான் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். பருவ விடுமுறை முப்பது நாள். நாளுக்கு ஒன்றரை மணி. ஆக மொத்தம் நாற்பத்தைந்து மணி நேரம். இதில் ஓர் உலகத்துக்குத்தான் போய்வர முடியும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். இந்த விளையாட்டுகளோ பக்கம் பக்கமாக ஆங்கிலம் பேசுபவை.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "நீ வரலாற்று மாணவனாயிற்றே, ஆண்டு வரிசைப்படி முதலிலிருந்து வா" என்றான் அத்தை மகன். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ் கற்க வருகிற குழந்தைக்குக் காலத்தால் முந்தியது என்பதற்காகத் தொல்காப்பியத்தையா கையில் கொடுக்கிறோம்? ஆத்திசூடியில் அல்லவா தொடங்குகிறோம்! வரலாற்றுக்கு ஆண்டு வரிசை வேண்டும். வாசலில் நிற்பவனுக்கு வேண்டியது உள்ளே நுழைய ஒரு வழி.

ஆண்டு வரிசையில் போயிருந்தால் 1981இல் வந்த 'விசார்ட்ரி' முதலில் நின்றிருக்கும். ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்னும் இருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் உருவாக்கியது. அதில் வரும் கொடிய மந்திரவாதியின் பெயர் வெர்ட்னா. பைத்தியக்கார மன்னனின் பெயர் ட்ரெபார். ஆங்கிலத்தில் இரண்டையும் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள்: ஆண்ட்ரூ, ராபர்ட்! விளையாட்டு முழுவதும் ஒரு பாதாளச் சுரங்கம். பத்து அடுக்கு, ஒவ்வோர் அடுக்கிலும் இருபதுக்கு இருபது கட்டம். திரையில் தெரிவது சில கோடுகள் மட்டுமே. வழியை நாமே கிராப் தாளில் வரைந்துகொண்டு போக வேண்டும். ஆறு பேர் கொண்ட படை நம்முடையது. அவர்களில் ஒருவன் இறந்தால் அந்தக் கணமே வட்டில் பதிந்துவிடும்; பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. கோயிலுக்குத் தூக்கிப் போய்க் காணிக்கை செலுத்தினால் உயிர் மீளலாம். மீளாமல் சாம்பலும் ஆகலாம். சாம்பலையும் எழுப்ப முயன்று தவறினால் அவன் பெயரே அழிந்துபோகும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்தைந்து மணி நேரமே கையில் உள்ளவன் முப்பதாவது மணியில் ஆறு பேரையும் பறிகொடுத்துவிட்டு வெறும் கிராப் தாளோடு நிற்க முடியுமா? 2024இல் இதையே புதிய காட்சிகளோடு வெளியிட்டிருக்கிறார்கள். அதை அக்காவின் மடிக்கணினி தாங்காது.

இயற்பியல் துறை நண்பன் ஒருவன், 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' என்று ஒரே பிடியாகப் பிடித்தான். கனடாவில் மருத்துவம் படித்த மூவர் சேர்ந்து தொடங்கிய பயோவேர் நிறுவனத்தின் படைப்பு அது. ஐந்து குறுந்தகடுகளில் வந்ததாம். கதை தொடங்கும் இடமே ஒரு நூலகக் கோட்டை. நாயகன் அங்கே அறிஞர் ஒருவரிடம் வளரும் அநாதை. கோட்டையை விட்டு வெளியேறிய முதல் இரவே அந்த வளர்ப்புத் தந்தையைக் கண்ணெதிரே இழக்கிறான். ஓவியம் ஓவியமாகக் காடுகளும் ஊர்களும். பார்த்தால் ஆசை வராதா? வந்தது. நண்பன் வீட்டில் இரண்டு மணி நேரம் பார்த்தேன். மந்திரவாதி வேடம் எடுத்தால் தொடக்கத்தில் உயிர்ப்புள்ளி நான்கோ ஐந்தோதான். ஓநாய் ஒன்று எதிர்ப்பட்டால் கதை முடிந்தது. கவசத்தின் மதிப்பெண் குறையக் குறையக் கவசம் வலியது என்பது அங்கே கணக்கு. "பூச்சியத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது" என்று நண்பன் விளக்கியபோது என் பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் நினைவுக்கு வந்தது. இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது அந்த ஆங்கிலம். ஒருவர் வாய் திறந்தால் ஒரு பத்தி. நாம் சொல்லும் பதிலோ அவர்களே எழுதி வைத்த நான்கைந்து வாக்கியங்களில் ஒன்று. அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள் என் ஒன்றரை மணி தீர்ந்துவிடும். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' இதனினும் ஆழமானது என்பார்கள். ஆனால் அது நாவல்போலப் படிக்க வேண்டியது. அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

கடைசியில் நான் எடுத்தது 1985இல் ரிச்சர்டு கேரியட் படைத்த நான்காவது 'அல்டிமா'. காரணம் மிக எளியது. அதில் நாம் ஒரே ஒரு சொல்லைத் தட்டினால் போதும். எதிரே வருபவரிடம் பெயர் என்ன, தொழில் என்ன என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்கலாம். அவர் ஓரிரு வரியில் பதில் சொல்வார். அந்தப் பதிலில் ஒரு சொல் கனமாகத் தெரியும். அதைத் தட்டினால் அடுத்த கதவு திறக்கும். எந்தச் சொல் கனமானது என்று கண்டுபிடிப்பதே விளையாட்டு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே பேச முடிகிற உலகம்! சிறந்தது எது என்று தேடுவதை விட்டு, எதனிடம் என்னால் வாய் திறக்க முடியும் என்று பார்த்தபோதுதான் தேர்வு முடிந்தது. அது எனக்கு இலவசமாகக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடைக் கணக்கப்பிள்ளைக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த விளையாட்டில் வெல்ல வேண்டிய வில்லன் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டுப் பண்புகளில் தேர்ந்து 'அவதார்' ஆக வேண்டும், அவ்வளவே. சொல் நம் நாட்டிலிருந்து போனது. ஆனால் பொருள் தலைகீழ். நம்மிடம் இறைவன் மண்ணுக்கு இறங்கி வருவது அவதாரம். அங்கே மனிதன் படிப்படியாக ஏறிப் போவது அவதாரம்.

மானம் என்று எழுதினேனே, அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டேன். 'ஹானஸ்டி' நேர்மை, சரி. 'ஹானர்' என்ன? அந்த விளையாட்டில் அது உண்மையும் துணிவும் சேர்ந்து பிறப்பது. "நாணயம் என்று போடேன்" என்றார் முதலில். பிறகு அவரே, "அது கடைத்தெருச் சொல்லாகிவிட்டது" என்று தள்ளிவிட்டு மானத்துக்கு வந்தார். உண்மை, அன்பு, துணிவு என்ற மூன்றிலிருந்தும்தான் பண்புகள் பிறக்கின்றன. பணிவு மட்டும் மூன்றில் எதிலிருந்தும் பிறப்பதில்லை என்று சொன்னதும் அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். "அப்படியா வைத்திருக்கிறான்?" என்று இரண்டு முறை கேட்டார்.

தொடக்கத்தில் ஒரு குறி சொல்லும் பெண் சீட்டுகளை விரித்து ஏழு கேள்விகள் கேட்கிறாள். பிறர் கொடுத்தனுப்பிய, எண்ணப்படாத பொற்காசுப் பையோடு போகிறாய். வழியில் ஒரு பிச்சைக்காரன். பையை அப்படியே சேர்ப்பாயா, ஒரு காசு எடுத்துக் கொடுப்பாயா? இரண்டுமே நல்லவை. ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றொன்று. நம் விடைகளைக் கொண்டு நமக்கு வேடம் தருகிறாள். எனக்கு வந்தது ஆடு மேய்ப்பவன்! எட்டு வேடங்களில் வலுக்குறைந்தது. "வாளேந்தி வருவாய் என்று பார்த்தால் கோலேந்தி வந்து நிற்கிறாயே!" என்று நண்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் தொடங்கும் ஊரும் செருக்கால் அழிந்து பேய்கள் குடியிருக்கும் மஜின்சியா. அந்தத் தீவிலிருந்து வெளியேற நிலவின் பிறைக்கேற்பத் தோன்றி மறையும் வாசல்கள் உண்டு. இரண்டு நிலவுகள்! பஞ்சாங்கம்போல ஓர் அட்டவணை போட்டுக் குறித்துக்கொண்டேன்.

மந்திரங்களுக்கு வேண்டிய மூலிகைகளை விற்பவள் கண் தெரியாதவள். விலையைச் சொல்வாள், எவ்வளவு தருகிறோம் என்பதை நாம்தான் தட்ட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது; நன்றி சொல்லி அனுப்பிவிடுவாள். பக்கத்தில் இருந்த நண்பன், "கண்ணு தெரியாதவதானேடா! ஒண்ணுன்னு போடு" என்றான். நான் முழு விலையையும் தட்டினேன். ஆனால் அதில் பெருமைப்பட ஏதுமில்லை. குறைத்துக் கொடுத்தால் விளையாட்டு உள்ளுக்குள் நம் நேர்மையின் கணக்கைக் குறைத்துவிடும் என்று முன்னரே படித்திருந்தேன். தெரிந்துகொண்டு செய்தது நேர்மையா, கணக்கா? இதைப் படித்துவிட்டு விளையாடப் போகிறவர்களுக்கும் இதே கேள்வி வந்து சேரும்.

எங்கள் கடைக்கு ஒரு பாட்டி வருவார். கண்ணில் புரை. சுருக்குப்பையை அப்படியே நீட்டி, "நீயே எடுத்துக்க தம்பி" என்பார். அங்கே எந்தக் கணக்கும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அந்த வாரம் அவர் பையை நீட்டியபோது, எடுத்த காசுகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்து, வாய்விட்டு எண்ணிக் காட்டினேன். "என்னப்பா, புதுசா இருக்கு?" என்று சிரித்தார்.

விடுமுறை முடிந்தபோது எட்டில் ஐந்து பண்புகள் தேறியிருந்தன. பணிவு அதில் இல்லை. சொற்குறிப்பு நோட்டில் நானூறு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்துள்ளன. அக்கா தன் தேர்வுக்கு மடிக்கணினியைக் கேட்டிருப்பதால் மூன்று பண்புகளும் அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கின்றன. அதற்குப் பிறகு பால்டர்ஸ் கேட். நண்பனிடம் சொல்லிவிட்டேன், அப்போது அவன் அருகில் உட்காரலாம், அகராதி வேண்டாம்.