குறிப்பேட்டில் ஒரு கோடு

மல்லேசுவரத்துப் பழைய வீடொன்றின் மாடியறையில் பதினேழு குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது 2001 ஜனவரியில் தொடங்குகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து வரைந்த பதினெட்டு வரிசைகள், ஐந்து பத்திகள். கட்டங்களுக்குள் 1 முதல் 4 வரை ஏதோ ஓர் எண் இருக்கும். இல்லையென்றால் ஒரு சிறு கோடு. எழுதியவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மின்னணுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், உரிமம் பெற்ற ஹாம், எழுபத்தெட்டு வயது. காலையில் ஒருமுறை, மாலைக் காப்பிக்குப் பின் ஒருமுறை, பதினைந்து நிமிடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் அமர்வதை வீட்டார் ‘தாத்தாவின் இரண்டாவது சந்தி’ என்று கேலி செய்வதுண்டு.

அவர் கேட்பது எந்த மனிதரின் பேச்சையும் அன்று. வடக்கு கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் சேர்ந்து உலகின் பதினெட்டு இடங்களில் சிற்றலைப் பீக்கன்களை நிறுவியிருக்கின்றன. கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் எப்படியோ, அப்படி வானலைக்கு இவை. ஐந்து அலைவரிசைகள்: 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலைவரிசையில் ஒவ்வொரு பீக்கனுக்கும் பத்து விநாடி. மூன்று நிமிடத்தில் பதினெட்டும் முறைவைத்துப் பேசி முடித்துவிடும். ஜிபிஎஸ் கடிகாரம் முறை பிசகாமல் பார்த்துக்கொள்ளும். பேச்சு என்பதும் மிகச் சிக்கனமானது. மோர்ஸ் சங்கேதத்தில் தன் அழைப்புக்குறி, அதன்பின் விநாடிக்கு ஒன்றாக நான்கு நீண்ட ஒலிகள். அழைப்புக்குறியும் முதல் ஒலியும் 100 வாட் ஆற்றலில். அடுத்தவை முறையே 10 வாட், 1 வாட், 0.1 வாட். எத்தனை ஒலி காதுக்கு எட்டியது என்று எண்ணினாலே பாதையின் நிலை தெரிந்துவிடும். குறிப்பேட்டில் 4 என்றால், ஒரு கைவிளக்கின் சிறு பல்புக்குக்கூடப் போதாத ஆற்றல் கடல்கள் தாண்டி மல்லேசுவரத்துக்கு வந்து சேர்ந்தது என்று பொருள். எதுவும் கேட்கவில்லையென்றால் கோடு.

பதினெட்டில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. அருகிலிருப்பது கொழும்பு, 4எஸ்7பி. 14.100இல் சுற்று தொடங்கி ஒன்றரை நிமிடத்தில், ஹாங்காங்குக்குப் பின், தென்னாப்பிரிக்காவுக்கு முன் அதன் முறை வரும். பெங்களூருக்கும் கொழும்புக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பின்லாந்து கேட்கும் நாளில் கொழும்பு கேட்காமற்போவதைக் கண்டு புதிதாக வருபவர்கள் திகைப்பார்கள். கணக்கு எளிது. அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் அலையைத் திருப்புவதாகக் கொள்வோம்; பாதையின் பாதித் தொலைவும் 350. எனவே அலை 45 பாகைச் சாய்வில் மேலேறுகிறது. செங்குத்தாக அனுப்பும்போது திரும்பிவரும் உச்ச அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குவரைதான் இந்தப் பாதையில் செல்லுபடியாகும். அந்த உச்சம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் எல்லை சரியாக 14.1. அதாவது கொழும்புப் பீக்கன் பெங்களூர்க்காரருக்கு விளிம்பிலேயே நிற்கிறது. சூரியன் சற்று ஊக்கங்கொண்டால் கேட்கும். சோர்ந்தால் அலை தலைக்குமேல் தாண்டிப் போய்விடும். இதைவிட நுட்பமான அளவுகோலை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது.

தென்னிந்தியாவின் வானம் வேறொரு வகையிலும் தனித்தது. காந்த நடுக்கோடு தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணமே அதுதான். பகலில் காந்த நடுக்கோட்டின்மேல் அயனித்திரள் ஊற்றைப்போல் மேலெழுந்து வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகிறது. சூரியன் மறைந்தபின் அந்தத் திரளில் குமிழ்கள் தோன்றி மேலேறும். அவற்றினூடே வரும் ஒலி குரல் கம்மியவர் பாடுவதுபோல் நடுங்கும். மாலைப் பதிவுகளின் ஓரத்தில் பெரியவர் பல இடங்களில் ‘நடுக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதியிருக்கிறார். அது என்ன நிகழ்வு என்று அப்போது அவர் படித்திருக்கவில்லை.

அவருடைய தம்பியின் பேத்தி வளிமண்டல இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். 2023இல் ஒரு தீபாவளி விடுமுறையில் இந்தக் குறிப்பேடுகளைத் தற்செயலாகப் புரட்டியவள் அன்றிரவு தூங்கவில்லை. வானலை பரவுதலைக் கண்காணிக்க இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. இயற்பியலில் 1993ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் முறை, 2500 ஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலைவிட 28 டெசிபெல் தாழ்ந்த, அதாவது ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்கேயான சமிக்ஞையையும் படித்துவிடும். யார் யாரைக் கேட்டார்கள் என்பது இரண்டு நிமிடத்துக்கொருமுறை உலக வரைபடத்தில் வில்களாக விரியும். ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் ஒரு குறை உண்டு. கேட்டவை மட்டுமே அதில் ஏறும். கேட்காதவற்றுக்கு அங்கே வரிசையே கிடையாது. வரைபடத்தில் இந்தியாவின்மேல் வில்கள் அருகியிருந்தால், வானம் மூடியிருந்ததா, கேட்க ஆளில்லையா என்று சொல்ல வழியில்லை. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இங்கே கேட்கும் நிலையங்கள் மிகக் குறைவு. தாத்தாவின் குறிப்பேட்டிலோ அமைதிக்கும் ஒரு குறி இருந்தது. ஒரே செவி, ஒரே வீடு, ஒரே கம்பி ஆண்டெனா, இருபதாண்டுக்கு மேல்.

அவள் மூன்று மாதம் உட்கார்ந்து கட்டங்களைக் கணினியில் ஏற்றினாள். வரைபடம் அழகாக வந்தது. 2012வாக்கில் எண்கள் சரியத் தொடங்கி, 2016க்குப் பின் கோடுகளே மிகுந்தன. 24ஆம் சூரியச் சுழற்சி முந்தையதைவிட வலுக்குன்றியது என்பது அறிந்ததே. ஆகவே சரிவு நம்பும்படியாகவே இருந்தது. நிலநடுக்கோட்டு அயனி மண்டலத்தில் நெடுங்கால மாற்றம் என்று கருத்தரங்கு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதிவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் ஒன்று உறுத்தியது. 2019 டிசம்பரில் தாழ்நிலையைத் தொட்ட சூரியன் அதன்பின் விரைந்து எழுந்தது; 2023இல் உலகமெங்கும் ஹாம்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் பக்கங்களில் மட்டும் கோடுகள் அப்படியே இருந்தன.

“தாத்தா, இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?”

“கேக்கலைன்னு அர்த்தம்.”

“வராததனால கேக்கலையா, வந்தும் கேக்கலையா?”

அவர் பதில் சொல்லவில்லை. கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிறகு ஏழாவது குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பக்கங்களைக் காட்டினார். அங்கே ஹாம்சாட்டுக்குத் தனி அட்டவணை இருந்தது. பெங்களூரில் இஸ்ரோ உருவாக்கிய 42.5 கிலோ எடைச் செயற்கைக்கோள். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6இல் சென்றது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று டச்சு மாணவர் ஒருவர் செய்தது. அதன் பீக்கன் ஒலி தொடுவானில் ஏறும்போது சுருதி கூடியும் இறங்கும்போது குறைந்தும் வருவதை, மொட்டைமாடியில் கையில் யாகி ஆண்டெனாவைப் பிடித்து நின்று ஒன்பதாண்டுகள் கேட்டிருக்கிறார். 2014 ஜூலையோடு அட்டவணையில் கோடுகள். “இது செத்துப்போச்சு, அதனால கோடு. அது வேற கோடு” என்றார். தன் குறி ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தாங்குவதை அவரே அப்போது ஒப்புக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

2024 பிப்ரவரியில் ஒரு மாலை, தும்கூர்ச் சாலைக்கு அப்பால் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்கு இருவரும் போனார்கள். வீட்டில் இருப்பதுபோன்ற அதே நீளக் கம்பி, அதே வகை ஏற்பி. மின்சாரத்துக்குக் கார் பேட்டரி. மல்லேசுவரத்து ஏற்பியின் ஒலியைக் கணினி பதிவு செய்துகொண்டிருந்தது. 14.100இல் சுற்று தொடங்கி ஐம்பதாவது விநாடியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் வந்தது. பெரியவர் கண்களை மூடிக்கொண்டு விரல் மடக்கினார். “மூணு” என்றார். பின்னும் சற்றுநேரம் மடக்கிய விரல்களை விரிக்கவில்லை. இரவு வீடு திரும்பி அதே பத்து விநாடியை ஒலிப்பதிவில் கேட்டார்கள். சீறல் மட்டும். தோப்பில் 1 வாட் கேட்டது; வீட்டில் 100 வாட் கேட்கவில்லை. அப்படியானால் வீட்டின் இரைச்சல் குறைந்தது நூறு மடங்கு பெரியது.

அவர் அந்தத் தெருவுக்கு வந்தபோது இருபுறமும் ஓட்டுவீடுகள், மாமரங்கள். இப்போது மூன்று பக்கமும் அடுக்ககங்கள். எல்இடி விளக்குகளின் ஓட்டிகள், மின்தூக்கியின் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி, இன்வெர்ட்டர்கள், கூரைச் சூரியத் தகடுகளின் மாற்றிகள், எண்ணற்ற சார்ஜர்கள். ஒவ்வொன்றும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் சிற்றலையில் ஒரு கீறல். ஓராண்டில் வந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். பத்தாண்டில் படிப்படியாக வந்ததை, காது மங்குகிறது என்றும் சூரியன் சோர்ந்துவிட்டது என்றும் எண்ணிக்கொண்டார். எப்போதும் எழுதியபடியே எழுதிவந்தார். இதில் நகைக்க ஒன்றுமில்லை. அளவையாளர் எல்லோருக்கும் நேரக்கூடியது.

தோப்பில் ஓர் ஏற்பியை நிரந்தரமாக வைத்து, சமிக்ஞையோடு இரைச்சலின் அளவையும் பதிவு செய்யச் செய்தாள். மே 10, வெள்ளிக்கிழமை, நண்பகல் 12.24க்கு எக்ஸ்3.9 அளவுச் சூரியச் சுடர்வெடிப்பு உச்சம் தொட்டது. எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் திடீரென அடர்த்தியாக்கின. சிற்றலைகள் அங்கேயே உறிஞ்சப்பட்டன. தோப்பின் பதிவில் சமிக்ஞைகள் மறைந்தன. கூடவே இரைச்சலும் பள்ளமாக இறங்கியது. இயற்கையின் இரைச்சல் தொலைவிலிருந்தும் விண்ணிலிருந்தும் அதே அடுக்கைக் கடந்து வருவதல்லவா? மல்லேசுவரத்தில் இரைச்சல் அசையவே இல்லை. அது வானத்திலிருந்து வரவில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. (அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படங்களை எல்லோரும் பகிர்ந்தார்கள். அதற்குக் காரணம் முந்தைய நாள்களில் சூரியனிலிருந்து புறப்பட்டு வந்த திரள்கள். நண்பகல் வெடிப்பு வேறு கணக்கு.)

ஆய்வுச் சுருக்கத்தை அவள் அனுப்பவில்லை. 2011க்குப் பிந்தைய பதிவுகளை ஆய்விலிருந்து விலக்குவது என்று முடிவு செய்து, அதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறினாள். பன்னிரண்டு ஆண்டுக் காலைகளையும் மாலைகளையும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்வது எளிதாக இல்லை. அவர் முழுவதையும் கேட்டார். முகம் வாடியது. சிறிது நேரம் கழித்து, “கரண்ட் போன நாளை என்ன பண்ணுவே?” என்று கேட்டார்.

அவளுக்கு விளங்கவில்லை. அவருடைய ஏற்பி தொடக்கத்திலிருந்தே 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. மின்வெட்டின்போதும் கேட்டு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பக்கங்களின் மூலையில் ‘மி’ என்று சிறு எழுத்து. கணினியில் ஏற்றும்போது அதைப் பக்கக் குறியென்று எண்ணி விட்டுவிட்டாள். தெரு முழுதும் மின்சாரம் போய், அடுக்ககங்களின் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குமுன் கிடைக்கும் சில நிமிடங்களில், மல்லேசுவரம் மறுபடி 2001ஆம் ஆண்டாகிவிடும்.

தரையில் குறிப்பேடுகளைப் பரப்பி, மாலை ஆறு மணிவரை இருவரும் மூலைகளைப் பார்த்தார்கள். 2012க்குப் பின் நாற்பத்தொரு பக்கங்களில் ‘மி’ இருந்தது. பலவற்றில் முதல் சில வரிசைகளில் மட்டும் எண்கள், பிறகு கோடுகள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய விநாடியையே அதிலிருந்து சொல்லிவிடலாம். கொழும்பின் முறை ஒன்றரை நிமிடத்தில்தான் வரும் என்பதால் பெரும்பாலான நாள்களில் அது தப்பிவிட்டது. ஒன்பது பக்கங்களில் அகப்பட்டிருந்தது. அவற்றை அவர் சத்தமாகப் படிக்க, அவள் புதிய அட்டவணையில் நிரப்பினாள். இம்முறை பத்திகள் ஆறு. ஆறாவதன் தலைப்பில் ‘இரைச்சல்’ என்று அவரே எழுதிக் கொடுத்தார்.