காமயகவுண்டன்பட்டிக்கு இடம் போதவில்லை!

கம்பம் பள்ளத்தாக்கின் கமிஷன் கடைகளில் நடக்கும் கணக்கு எளிமையானது. விவசாயி வாழையோ திராட்சையோ கொண்டுவந்து போடுவார். கடைக்காரர் விற்றுக் கொடுத்து, கமிஷன், வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார். தேனிப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற ஒரு மாணவர் பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருப்படியான ப்ராஜெக்ட்தான்.

கல்லூரி லேபில் எல்லாம் சுத்தமாக ஓடுகிறது. ஆங்கில லேபிள், ஆங்கில பட்டன், அழகான டேபிள். கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர், "தமிழ்ல போட்டுக் குடு தம்பி, வர்றவங்களும் பாத்துக்கிடுவாங்க" என்கிறார். "சரிண்ணே" என்று சொல்லி, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடுகிறார் மாணவர். மறுநாள் திறந்தால் பட்டனில் பாதி எழுத்து இல்லை. 'பிடித்தம்' என்று ஒரு பத்தி, அதன் கீழே 1,500. அடுத்த பத்தியின் தலைப்பு 'பிடித்தம் போக மீதி'. இடம் போதாமல் வெட்டுப்பட்டு அதுவும் 'பிடித்தம்' என்றே தெரிகிறது, அதன் கீழே 10,500. எதிரே நிற்கிற விவசாயிக்கு எப்படி இருக்கும்? 12,000 ரூபாய் சரக்குக்கு 10,500 பிடித்தமா!

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தீர்ப்பு வரும். "தமிழ் பெரிய பெரிய எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது. இங்கிலீஷ்லயே இருக்கட்டும்." இதுதான் தப்பான தீர்ப்பு. குற்றவாளி தமிழ் இல்லை, இத்தனை பிக்சல் என்று ஆணி அடித்து வைத்த லே அவுட்.

கொஞ்சம் பின்கதை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிற மாதிரி ஒரே தடவை எழுத உதவுபவைதான் க்யூட்டி, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் போன்ற டூல்கிட்டுகள். டபிள்யூஎக்ஸ் 1992ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. க்யூட்டியின் முதல் வெளியீடு 1995ல், நார்வேயிலிருந்து. அந்த க்யூட்டியின் மேல் கட்டப்பட்ட கேடிஇ டெஸ்க்டாப்பை 2000களின் தொடக்கத்திலேயே தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்துவிட்டார்கள். மெனு, பட்டன், செட்டிங்ஸ் எல்லாம் தமிழில். ஒரு முழு டெஸ்க்டாப்பே தமிழில் நிற்கும்போது ஒரு பில் புரோகிராம் நிற்காதா?

சரி, வைத்தியத்துக்கு வரலாம். உதாரணங்கள் க்யூட்டியில். மற்ற டூல்கிட்டுகளிலும் பெயர்தான் மாறும், நோய் ஒன்றேதான்.

1. பட்டனில் பாதி எழுத்துதான் தெரிகிறது.

கோடில் 'செட் ஜியோமெட்ரி' அல்லது 'செட் ஃபிக்ஸ்ட் விட்த்' என்று தேடிப் பாருங்கள். 'சேவ்' என்ற சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை 'சேமித்து அச்சிடு' போட்டுக்கொண்டால் கிழியத்தான் செய்யும். அந்த வரிகளைத் தூக்கிவிட்டு, பட்டன்களை ஒரு கிடைமட்ட லே அவுட்டில் வையுங்கள். ஒவ்வொரு விட்ஜெட்டும் 'எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்' என்று தானே சொல்லும். அதற்குப் பெயர் சைஸ் ஹின்ட். லே அவுட் அதைக் கேட்டு இடம் பிரித்துக் கொடுக்கும்.

2. விண்டோவைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மூலையிலேயே கிடக்கிறது.

பலரும் சிக்குவது இதில்தான். உள்ளே சின்னச் சின்ன லே அவுட்டுகளைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் தாங்குகிற வெளி விட்ஜெட்டுக்குப் போட மறந்துவிடுவார்கள். க்யூட்டி டிசைனரில் ஃபார்மின் காலி இடத்தில் ரைட் க்ளிக் செய்து, லே அவுட் மெனுவில் கிரிட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

3. புள்ளியைக் காணோம்.

இது உயரத்தின் கோளாறு. தமிழில் மேலே புள்ளி, கீழே உகர ஊகாரச் சுழிகள். ஆங்கிலத்துக்கென்று 18 பிக்சல் உயரம் கட்டிவிட்டால் மேலும் கீழும் சீவிவிடும். 'பட்டி' என்பது 'படடி' ஆகிவிடும். உயரத்தைக் கட்டாதீர்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் ஃபான்ட் மெட்ரிக்ஸிடம் உயரத்தைக் கேட்டு அதன்படி வையுங்கள்.

4. டேபிள் தலைப்பு வெட்டுப்படுகிறது.

மேலே சொன்ன 'பிடித்தம்' விவகாரம். ஹெடருக்கு 'ரிசைஸ் டு கன்டென்ட்ஸ்' என்று ஒரு மோட் உண்டு. அதைப் போட்டால் பத்தி தலைப்பின் அகலத்துக்கு விரியும். பத்திகள் அதிகம் என்றால் தலைப்பை இரண்டு வரியாக்குங்கள். ரூபாய்க் கணக்கில் தலைப்பு பாதி தெரிவதை விட, டேபிளுக்குக் கீழே ஸ்க்ரோல் பார் வருவது எவ்வளவோ மேல்.

5. ஊர்ப் பெயரை முழுதாக அடிக்க முடியவில்லை.

இது அகலமே இல்லை, எண்ணிக்கை. 'காமயகவுண்டன்பட்டி' கண்ணுக்கு 11 எழுத்து. யூனிகோடுக்கு 17 குறியீடு, ஏனென்றால் காலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். உள்ளீட்டுப் பெட்டியில் 'மேக்ஸ் லெங்த் 15' என்று வைத்திருந்தால் 'காமயகவுண்டன்பட்' என்பதோடு நின்றுவிடும். 'போடிநாயக்கனூர்' 8 எழுத்து, 14 குறியீடு. தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் கண்ணால் எண்ணி வரம்பு வைக்காதீர்கள்.

6. விண்டோஸில் சரி, லினக்ஸில் கோணல்.

ஃபான்ட் வேறு, அதனால் அகலமும் வேறு. பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். ஒன்றில் சரியாக உட்கார்ந்த சொல் இன்னொன்றில் பிதுங்கும். தமிழக அரசு 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஒரே கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்திருந்தவர்கள் ஒரு ரீஸ்டார்ட்டில் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். எழுத்து எழுத்தாக அகலம் அளந்து கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தமிழில் அது உதவாது. 'கொ' என்று அடித்தால் உள்ளே இருப்பது 'க', அதன்பின் ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால். இந்த அடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அது அடுக்கி முடித்த பிறகுதான் அகலம் தெரியும். ஆகவே முழுச் சொல்லையும் ஃபான்ட் மெட்ரிக்ஸிடம் கொடுத்துக் கேளுங்கள்.

எது எங்கே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே புரியவில்லையா? ஸ்டைல் ஷீட்டில் எல்லா விட்ஜெட்டுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு பார்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள். வயல் வரப்பு மாதிரி எல்லை தெரிந்துவிடும். எந்த வரப்பு கோணல் என்று கண்ணே சொல்லும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள் :)

கடைசியாக, டெஸ்ட் பண்ணும்போது எல்லோரும் செய்வது, சின்னதாக ஒரு பெயரை அடித்துப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று விடுவது. 'தேனி' என்று அடித்தால் எந்தப் பெட்டியிலும் அடங்கும். இரண்டே எழுத்து! டெஸ்ட்டுக்கு மூன்று ஊர் வைத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையம், போடிநாயக்கனூர், காமயகவுண்டன்பட்டி. மூன்றும் புள்ளி சிதையாமல், வால் அறுபடாமல், விண்டோஸிலும் லினக்ஸிலும் தெரிந்தால் அந்தத் திரையைத் தைரியமாக ஒரு விவசாயியின் பக்கம் திருப்பி வைக்கலாம். தன் கணக்கைத் தன் மொழியில் அவரே படித்துச் சரிபார்த்துக்கொள்வார்.