சேணத்தில் ஒரு நம்பர்!



6204 என்று சொன்னால் போதும். நம்ம மெக்கானிக்கல் பிரிவில் கடைசி பெஞ்சில் தூங்குபவன்கூட எழுந்து, "பால் பேரிங், உள்விட்டம் 20 மில்லிமீட்டர்" என்று சொல்லிவிடுவான். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம். மதுரையில் வாங்கினாலும் ஜப்பானில் வாங்கினாலும் அதே 20 தான். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால், அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். இப்படியே பழகிய நமக்கு, ஒரு பொருளின் மேல் எண் அடித்திருந்தாலே எல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை எங்கே வரைக்கும் செல்லும் என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு குதிரைச் சேணம்.

"ஒத்தக்கடையில் குதிரைக்கு என்னடா வேலை?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிக்காதீர்கள்! இங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற திருவாதவூர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனவர், அந்தப் பணத்தில் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் நம் வீட்டுப் பாட்டிமார் அனைவருக்கும் தெரியும். சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதும் தங்கக் குதிரையில்தானே! ஆனால் வரலாற்றில் ஒரு சோகமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்படுவதையும், சரியாகப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அவை விரைவில் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். பணம் கொடுத்துக் குதிரை வாங்கிவிடலாம். அதைப் பற்றிய அறிவையும் கூடவே வாங்கியாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் செருப்பும் பையும் தைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன லீவில் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற அண்ணன் ஒருவர் தையல் விட்டுப்போன சேணத்தோடு வந்தார். குதிரையும் கூடவே வந்திருந்தது. வார் இறுக்கினால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"பழசா வாங்குனதுதான் தம்பி. ஆனா நல்ல சாமான். நம்பரெல்லாம் போட்டிருக்கு பாருங்க. நம்பர் போட்டது அளவு கரெக்டாத்தானே இருக்கும்?"

அங்கவடி மாட்டுகிற கம்பியை மூடியிருந்த சின்ன மடலைத் தூக்கிப் பார்த்தோம். முதலில் ஒரு ஐந்து இலக்க எண். பக்கத்தில் 17½. அதற்கும் பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்து. அந்த ஐந்து இலக்கத்தைக் காட்டி, "இது மிலிட்டரி நம்பராம், வித்தவர் சொன்னார்" என்றார் அண்ணன்.

மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். ஐந்து இலக்க எண் என்பது வரிசை எண். நம் பைக்கின் சேஸிஸ் நம்பர் மாதிரி. இந்தச் சேணம் எது, எப்போது தயாரானது என்பதைத் தயாரித்த கம்பெனியின் பதிவேட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். திருட்டுப்போனால் அடையாளம் காட்ட உதவும். அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. சில கம்பெனிகள் வருடத்தையோ அளவையோ அதற்குள்ளேயே புதைத்து வைப்பதும் உண்டு. ஒரு கம்பெனியின் சங்கேதம் இன்னொன்றுக்குச் செல்லாது.

17½ என்பது இருக்கையின் நீளம், அங்குலத்தில். இங்கிலீஷ் சேணத்தில் முன்மேட்டின் பக்கவாட்டில் ஒரு ஆணித்தலை இருக்கும். அங்கிருந்து பின்மேட்டின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 வரை, அரை அரை அங்குலமாக வரும். அமெரிக்க மாட்டுக்காரர்களின் வெஸ்டர்ன் சேணத்தில் அளக்கிற இடமே வேறு. அதில் 15 என்றால் இதில் ஏறக்குறைய 17! ஒரே ஆள், ஒரே அங்குலம், எண் மட்டும் இரண்டு. எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று தெரியாவிட்டால் அளவு இருந்தும் பயனில்லை.

இந்த 17½ உட்காருகிற மனுஷனுக்கான அளவு. குதிரைக்கான அளவு அந்த எம் என்கிற எழுத்து, அதாவது மீடியம். சேணத்தின் உள்ளே ட்ரீ என்று ஒரு சட்டம் உண்டு. பீச் மரப் பலகைகளை ஒட்டி வளைத்து, இரும்பு பூட்டிச் செய்வது பழைய முறை. அதன் முன்பக்கக் கவட்டை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான் நேரோ, மீடியம், வைட் என்று குறிக்கப்படுகிறது. கவனியுங்கள், இதற்குப் பொதுத் தரம் கிடையாது! ஒருவரின் மீடியம் இன்னொருவருக்கு நேரோ. ஜெர்மனியில் 1894-ல் தொடங்கிய ஸ்டூபன் போன்ற கம்பெனி சென்டிமீட்டரில் சொல்லும். ஆஸ்திரேலியாவின் வின்டெக், கழற்றி மாற்றுகிற இரும்புக் கவட்டைக்கு வண்ணம் வைத்திருக்கிறது. மஞ்சள் என்றால் ஒடுக்கம், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம்.

ஆணியிலிருந்து பின்மேடு வரை டேப் வைத்தேன். சுத்தமாக 17½. எண் பொய் சொல்லவில்லை. அடுத்தது குதிரை. டிராயிங் வகுப்பில் வளைகோடு போட வைத்திருந்த பிளெக்சிபிள் கர்வ் கைகொடுத்தது. குதிரையின் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் மூன்று விரற்கடை தள்ளி, முதுகுமேட்டின் குறுக்கே அதை அழுத்தி வளைத்து, அப்படியே சார்ட் அட்டையில் வரைந்து வெட்டினோம். சேணம் பொருத்துகிற நிபுணர்கள் செய்வதும் இதே வேலைதான். அட்டையைக் கவட்டைக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் லொடலொடவென்று இடைவெளி. சேணத்தை வெறும் முதுகில் வைத்துப் பார்த்தால் முன்மேடு அப்படியே இறங்கி எலும்பின் மேல் உட்கார்ந்தது. இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

அப்போதுதான் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். அந்தச் செவலைக் குதிரையின் முதுகுமேட்டில் ரூபாய் அகலத்துக்கு வெள்ளை முடி. "இது பிறவி மச்சம்னு நெனச்சேன் தம்பி" என்றார் அண்ணன். அப்படி நினைத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. சேணம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, மயிர்க்கால் கெட்டு, பிறகு அங்கே முளைப்பதெல்லாம் வெள்ளையாகிவிடும். குதிரை கடிக்க வந்ததற்குக் காரணம் அதன் குணம் அல்ல, வலி.

"அப்போ நம்பர் தப்பா தம்பி?"

"நம்பர் சரிதாண்ணே. ஆனா அது உங்க குதிரைய அளந்து போட்ட நம்பர் இல்ல."

கவட்டை அகலமாக இருந்தால் முன்பக்கம் மெத்தை வைத்து ஓரளவு தூக்கிச் சமாளிக்கலாம். குறுகலாக இருந்தால் மெத்தை வைக்க வைக்கக் கேடுதான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்ட கதை! இங்கே அகலம் என்பதால் பெரியவர் கம்பளியை மடித்து, நடு எலும்பில் படாமல் இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். தற்காலிக வைத்தியம்தான். ஒடுங்கிய கவட்டை உள்ள சேணம் தேடுகிறேன் என்று அண்ணன் அட்டையையும் வாங்கிக்கொண்டு போனார். இனி அவர் எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த அட்டைதான் அவருடைய கேஜ்!

இன்னொரு அளவையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. அங்கவடியின் அகலமும் அங்குலத்தில்தான் வரும். அது ஷூவின் அகலத்தைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் விழும்போது கால் சிக்கும். மிக அதிகமானால் பாதமே உள்ளே நுழைந்துவிடும். இரண்டிலும் குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும்.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமும் அல்ல. இங்கிலாந்தில் வால்சால் சேணத்துக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே 'சேணக்காரர்கள்' என்று பட்டப்பெயர். நம் நாட்டில் கான்பூர். பிரிட்டிஷார் ராணுவத்துக்காக அங்கே தொடங்கிய சேணத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த தொழில், இன்று வெளிநாடுகளுக்குச் சேணம் அனுப்புகிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலோ ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இங்கிலாந்து போனது. பக்கத்துத் திண்டுக்கல்லும் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர்தான்.

நண்பர்களே! நாளைக்கு நாம் ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிறவர்கள். எத்தனையோ பொருளின் மேல் எண்ணைப் பொறிக்கப் போகிறவர்கள். அப்போது மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். இந்த எண் அளவா, அடையாளமா? அளவு என்றால் எங்கிருந்து எங்கே? இது பொருந்த வேண்டிய உடம்பு எது? சேணத்தின் எண்ணை விற்பவர் படிக்கிறார், வாங்குபவர் படிக்கிறார். அதைச் சுமக்கிற குதிரைக்குப் படிக்கத் தெரியாது. அதற்காக நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.